கொஞ்சமா, கொஞ்சந்தானா?

அடுத்த வீட்டு அம்மாள் கையில் டம்ளரோடு வாசலில் வந்து நிற்கிறாள். "சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்கிறாள். "கொஞ்சம் இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால் டம்ளர் உள்ளே வரும். "கொஞ்சந்தான் இருக்கிறது" என்று சொன்னால் டம்ளர் வந்த வழியே திரும்பிப் போகும். டப்பாவில் இருக்கிற சர்க்கரை என்னவோ இரண்டு பதிலுக்கும் ஒரே அளவுதான்!

இந்த வித்தையை உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். இதே வித்தையை இங்கிலீஷ்காரர்கள் 'எ' என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அந்த ஒற்றை எழுத்து எங்கள் வீட்டை ஓர் இரவு முழுவதும் பட்டினி போட்டது. அம்மாவின் வளையல்களை அடகுக் கடை வரையில் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. கேளுங்கள், அந்தக் கதையை.

தந்தி வந்தது

1961-ஆம் வருஷம். சேலத்தில், அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் சாலையை ஒட்டின ஒரு சந்தில் எங்கள் வீடு. எனக்குப் பதிமூன்று வயது. மூன்றாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா துணிக் கடையில் கணக்கு எழுதினார். தமிழில் அவருடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும்; இங்கிலீஷ் தெரியாது. ஆகவே எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே மனிதப் பிறவி நான்தான். அந்தக் கர்வமும் எனக்கு நிறைய உண்டு.

சித்தப்பா பம்பாயில் ஓர் ஆலையில் வேலையாக இருந்தார். வயிற்றுக் கோளாறு, ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்று கடிதம் வந்திருந்தது. அன்றிலிருந்து அப்பாயிக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பா அவளுக்குக் கடைசிப் பிள்ளை, செல்லப் பிள்ளை.

ஒரு நாள் மாலை, விளக்கு வைக்கிற நேரம். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தந்திச் சேவகன்! அந்தக் காலத்தில் தந்தி என்றாலே பாதி உயிர் போய்விடும். தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. "படி கண்ணு, படி" என்று அப்பா காகிதத்தை என் கையில் கொடுத்தார். அவர் கை நடுங்கியது.

சித்தப்பாவின் அறைத் தோழர் அனுப்பியிருந்தார். 'ஆபரேஷன் ஓவர். லிட்டில் டேஞ்சர். லெட்டர் ஃபாலோஸ்.' அவ்வளவுதான்.

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். 'ஓவர்' என்றால் முடிந்தது. 'லிட்டில்' என்றால் சிறிய. 'டேஞ்சர்' என்றால் ஆபத்து. தலையை நிமிர்த்திக்கொண்டு மொழிபெயர்த்தேன்: "ஆபரேஷன் முடிந்துவிட்டது. கொஞ்சம் ஆபத்தாக இருக்கிறது. கடிதம் பின்னால் வருகிறது."

"என் சாமி!" என்று அப்பாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. பம்பாய்க்குப் போக இரண்டு பேருக்கு ரயில் சத்தம் வேண்டும். அப்பாவிடம் ஏது? அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி, துணியில் முடிந்து, அப்பாவிடம் நீட்டினாள். செவ்வாய்ப்பேட்டையில் அடகு பிடிக்கிறவர் கடை சாத்துவதற்குள் போக வேண்டும். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் நாலு வீடு தள்ளிக் குடியிருந்த வாத்தியார் ஐயா வந்தார். பல வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அழுகைச் சத்தம் கேட்டு வந்தவர், தந்தியை வாங்கி விளக்கடியில் வைத்துப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"யார் இதைப் படித்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாப்பா, இதற்கு அர்த்தம் ஆபத்து இருக்கிறது என்பது இல்லை. ஆபத்து அநேகமாக இல்லை என்பது! 'எ லிட்டில் டேஞ்சர்' என்று இருந்தால்தான் நீ சொன்ன அர்த்தம். இங்கே 'எ' இல்லையே!"

அப்பாயி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அப்பா செருப்பைக் கழற்றினார். நான் எங்கே ஓடி ஒளியலாம் என்று பார்த்தேன்.

ஆனால் வாத்தியார் ஐயாவின் முகம் மறுபடியும் சுருங்கியது. தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு சங்கடம் இருக்கிறது. தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. அதனால் 'எ', 'தி' எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். எழுதினவர் 'எ' வேண்டாம் என்று விட்டாரா, காசு மிச்சம் என்று விட்டாரா?"

பார்த்தீர்களா! சித்தப்பாவின் உயிர் அந்த ஓர் எழுத்தில் தொங்கியது.

இப்போது என்ன செய்வது? வாத்தியார் ஐயாவே யோசித்து, இரண்டே வார்த்தையில் ஒரு பதில் தந்தி எழுதிக் கொடுத்தார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் பறந்தார். அந்த இரண்டு வார்த்தை என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். பதில் வரும் வரையில் யாருக்கும் தூக்கம் ஏது? வாத்தியார் ஐயாவும் வீட்டுக்குப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார். என் அழுத முகத்தைப் பார்த்து, "சிலேட்டை எடுத்துக்கொண்டு வா" என்றார். அன்று இரவு அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான், என்னுடைய சரக்கும் கொஞ்சம் சேர்த்து, உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தலையும் வாலும்

எண்ணக்கூடிய பொருளுக்கு 'ஃப்யூ'. எண்ண முடியாததற்கு 'லிட்டில்'. இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். 'எ' இருந்தால் பேசுகிறவர் இருப்பதைப் பார்க்கிறார். 'எ' இல்லாவிட்டால் இல்லாததைப் பார்க்கிறார். அளவு ஒன்றே, பார்வைதான் வேறு.

'எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால், அவளுக்குச் சில சிநேகிதிகள் இருக்கிறார்கள், பாதகமில்லை. 'ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால், பாவம், சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அதிகம் பேர் இல்லை.

'எ லிட்டில் ஹோப்' என்று டாக்டர் சொன்னால், கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளலாம். 'லிட்டில் ஹோப்' என்று சொன்னால், பந்துக்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான்.

இதிலிருந்து ஒரு சுலபமான சூத்திரம் கிடைக்கிறது. சமையலறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல விஷயத்துக்கு முன்னால் 'எ' இல்லாவிட்டால் கவலை. கெட்ட விஷயத்துக்கு முன்னால் 'எ' இல்லாவிட்டால் நிம்மதி!

உங்கள் பெண்ணின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில், 'மேக்ஸ் ஃப்யூ மிஸ்டேக்ஸ்' என்று டீச்சர் எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே பெண்ணின் காதைத் திருகக் கூடாது. தப்பே செய்வதில்லை என்று சொல்லலாம் போல் அவ்வளவு குறைவாகச் செய்கிறாள் என்று அர்த்தம். அது பாராட்டு! 'மேக்ஸ் எ ஃப்யூ மிஸ்டேக்ஸ்' என்று இருந்தால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேளுங்கள்.

"இது என்ன வம்பு! தமிழில் இந்தத் தொல்லை உண்டா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வாத்தியார் ஐயா சிரித்தார். "ஏன் இல்லை? இங்கிலீஷ்காரன் தலையில் வைக்கிறான், நாம் வாலில் வைக்கிறோம்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் என்று ஒரு வார்த்தை. அதற்கு வாலாக 'தான்' சேர்த்தால் கொஞ்சந்தான்: டம்ளர் திரும்பிப் போய்விடும். 'ஆவது' சேர்த்தால் கொஞ்சமாவது: அதில் ஒரு கெஞ்சல் இருக்கிறது. "கொஞ்சமாவது சாப்பிடு, கண்ணு!" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! 'உம்' சேர்த்தால் கொஞ்சமும். அதற்குப் பின்னால் 'இல்லை' வந்தே தீரும். "கொஞ்சமும் புத்தி இல்லை" என்று திட்டாத தாயார் உண்டா? இந்த வால்களை நம் பெரியவர்கள் அலட்சியமாக விட்டுவிடவில்லை. 'ஏ' என்பதற்கு ஐந்து பொருள், 'உம்' என்பதற்கு எட்டுப் பொருள் என்று தொல்காப்பியமே எண்ணி வைத்திருக்கிறது.

'தி' போட்டால் மூன்றாவது அர்த்தம் ஒன்று வருகிறது. 'தி லிட்டில் மனி ஷி ஹாட்' என்றால், அவளிடம் இருந்த கொஞ்சநஞ்சப் பணமும் என்று பொருள். குறைவுதான், ஆனால் இருந்ததெல்லாம் அதுதான். அந்த இரவு அம்மாவின் இரண்டு வளையல்கள் அப்படித்தான் இருந்தன.

இன்னொரு வேடிக்கை. 'க்வைட் எ ஃப்யூ' என்றால் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய என்று அர்த்தம்! 'நாட் எ லிட்டில்' என்றாலும் அப்படித்தான். இது என்ன கோணல் என்று சிரிக்க வேண்டாம். "மாமியாரிடம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல" என்று நாமும் சொல்லத்தானே செய்கிறோம்?

எத்தனை? எவ்வளவு?

'மெனி', 'மச்' என்ற இரண்டும் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். நமக்குக் கஷ்டமே இல்லை. எங்கே எத்தனை என்று கேட்பீர்களோ அங்கே 'மெனி', 'ஃப்யூ'. எங்கே எவ்வளவு என்று கேட்பீர்களோ அங்கே 'மச்', 'லிட்டில்'. எத்தனை இட்லி? எவ்வளவு மாவு? எத்தனை குடம்? எவ்வளவு தண்ணீர்? பணம் எண்ணக்கூடியதுதானே, அதற்கு ஏன் 'மச்' என்று பிள்ளை கேட்டால், "எவ்வளவு பணம் என்றுதானே சொல்கிறாய்? எத்தனை பணம் என்றா சொல்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். ரூபாய்க்குத்தான் எத்தனை, இங்கிலீஷிலும் ரூபாய்க்கு 'மெனி'தான்.

ஓரிரண்டு இடத்தில் மட்டும் சறுக்கும். நாம் நாலு செய்தி கேட்போம், இரண்டு புத்திமதி சொல்வோம். இங்கிலீஷ்காரர்கள் 'நியூஸ்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றை மாவைப் போலவும் தண்ணீரைப் போலவும் நினைக்கிறார்கள். ஆகவே அவற்றுக்கு 'மெனி' கிடையாது, 'மச்'தான்.

'எ கப்பிள்' என்றால் இரண்டு. பேச்சு வழக்கில் நம்முடைய ஒன்றிரண்டு. 'செவரல்' அதற்கு மேல். ஆனால் 'மெனி' அளவுக்குப் போகாது. இதில் நாம் அவர்களை விடக் கெட்டிக்காரர்கள். ஒன்றிரண்டு, இரண்டு மூன்று, நாலைந்து, பத்துப் பதினைந்து என்று படி படியாக வைத்திருக்கிறோம். சின்ன அளவிலும் அப்படித்தான். அரை, கால், அரைக்கால், வீசம் என்று இறங்கி, 320-இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்தவர்கள் நாம். இவ்வளவு கணக்குப் பார்த்தவர்கள் பழகும்போது மட்டும், "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்கிறோம். அந்த நாலு பேரை யார் எண்ணிப் பார்த்தார்கள்? தையற்காரர், "நாலு நாளில் ரவிக்கை தருகிறேன்" என்கிறார். அந்த நாலு நாளையும் எண்ணாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது!

காப்பி கேட்பது எப்படி?

விருந்தாளி வந்திருக்கிறார். இங்கிலீஷில் உபசாரம் செய்ய வேண்டும். 'சம் காப்பி' என்று கேட்பதா, 'எனி காப்பி' என்று கேட்பதா? கேள்வியில் 'எனி'தான் வர வேண்டும் என்று இலக்கணத்தை நெட்டுருப் போட்டவர்கள் சொல்வார்கள். உபசாரத்துக்கு அந்த விதி செல்லாது. 'சம்' என்று கேட்டால், ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறோம் என்று அர்த்தம். "கொஞ்சம் காப்பி சாப்பிடுங்களேன்" என்பது போல. 'எனி' என்றால் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. "காப்பி கீப்பி ஏதாவது வேண்டுமா?" என்று அடுப்பங்கரையிலிருந்தே குரல் கொடுப்பது போல. வந்தவர், "வேண்டாம், இப்போதுதான் ஆயிற்று" என்று எழுந்து போய்விடுவார்.

ஆனால் ஆபத்தைப் பற்றிக் கேட்கும்போது 'எனி'தான் சரி. 'சம்' போட்டால், இருக்கிறது என்று பாதி நம்பிக்கொண்டே கேட்பதாகிவிடும். 'எனி'யில் கடுகளவாவது உண்டா என்ற கேள்வி இருக்கிறது. இல்லை என்று பதில் வரட்டும் என்பதற்கும் இடம் இருக்கிறது. வாத்தியார் ஐயா எழுதிக் கொடுத்த அந்த இரண்டு வார்த்தை என்ன என்று இப்போது ஊகித்திருப்பீர்கள். 'எனி டேஞ்சர்?'

பெரிய சபைகளிலும்

அஸ்தம்பட்டிச் சந்தில்தான் இந்தத் தகராறு என்று நினைக்க வேண்டாம். 1940 ஆகஸ்டு 20-ஆம் தேதி பிரிட்டிஷ் பார்லிமெண்டில் சர்ச்சில் பேசினார். ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கிக்கொண்டிருந்த சமயம். எதிர்த்துப் போரிட்ட விமானிகள் ஏறக்குறைய 3,000 பேர். இத்தனை பேர், இவ்வளவு பெரிய கடனை, இவ்வளவு சிலருக்குப் பட்டது யுத்த சரித்திரத்திலேயே இல்லை என்ற பொருளில் அவர் பேசினார். 'மச்', 'மெனி', 'ஃப்யூ' என்ற மூன்று சின்ன வார்த்தைகளை வைத்துக்கொண்டே அந்த வாக்கியத்தைக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த விமானிகளுக்கு 'தி ஃப்யூ' என்றே பெயர். அந்தச் சிலர்! குறைவைச் சொல்லும் வார்த்தை பட்டமாகிவிட்டது.

1967 நவம்பர் 22-ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை, 242-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு யுத்தத்தில் பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேலின் படைகள் விலக வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. இங்கிலீஷ் வாசகத்தில் பிரதேசங்கள் என்ற வார்த்தைக்கு முன்னால் 'தி'யும் இல்லை. எல்லா என்ற பொருள் தரும் 'ஆல்' என்ற வார்த்தையும் இல்லை. பிரெஞ்சு வாசகத்திலோ, அந்தப் பிரதேசங்கள் என்று குறிப்பாகச் சொல்வதாகவே படிக்க இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட வேண்டும் என்று அரபு நாடுகள் சொல்லின. எல்லாம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று இஸ்ரேல் கேட்டது. எத்தனையோ ராஜதந்திரிகள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பதிமூன்று வயதுப் பெண் தடுக்கி விழுந்ததில் என்ன ஆச்சரியம் என்று, இதைப் படிக்கும்போதெல்லாம் நான் என்னையே தேற்றிக்கொள்வேன்.

தந்திக்குத்தானே இந்தத் தொல்லை, அதுதான் 2013 ஜூலையில் நம் நாட்டில் நின்றுபோய்விட்டதே என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் இப்போது வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் அனுப்பும் செய்திகளைப் பாருங்கள். வார்த்தைக்குக் காசு இல்லை. இருந்தும் 'எ'யைக் காணோம், 'தி'யைக் காணோம். 'லிட்டில் ஃபீவர்' என்று எழுதுகிறார்கள். காய்ச்சல் கொஞ்சம் இருக்கிறதா, அநேகமாக இல்லையா? இலக்கணத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே கூப்பிட்டு, தமிழில் கேட்டுவிடுங்கள்.

பதில் வந்தது

மறுநாள் உச்சி வேளைக்குச் சைக்கிள் மணி கேட்டது. அப்பாயி அதே தூணில் சாய்ந்தபடி இருந்தாள். அப்பா தந்தியை வாங்கி வாத்தியார் ஐயாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "பாப்பாவே படிக்கட்டும்" என்றார்.

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிரித்தேன். ஒரே ஒரு வார்த்தை: 'நன்'.

'எனி' என்ற கேள்விக்கு 'நன்' என்றால் அறவே இல்லை, கடுகளவும் இல்லை. அதற்கு முன்னால் 'எ' போட முடியாது, விட்டுவிடவும் முடியாது. அளவு வார்த்தைகளிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை எது என்று கேட்டால், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

"என்ன கண்ணு போட்டிருக்கு?" என்று அப்பாயி கேட்டாள்.

"நன் என்று போட்டிருக்கிறது, அப்பாயி."

"அப்படி என்றால்?"

'எனி'யையும் 'நன்'னையும் அப்பாயிக்கு எப்படி விளக்குவது? சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்: "சித்தப்பா நன்றாக இருக்கிறாராம்!"

வாத்தியார் ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன். இந்த மொழிபெயர்ப்பை அவர் திருத்தவில்லை. அம்மா துணி முடிச்சை அவிழ்த்து வளையல்களை மாட்டிக்கொண்டு, அடுப்பு மூட்டப் போனாள்.